கார் இல்லாமல் ஐரோப்பாவில் குடும்பம் நடத்த முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், மேற்படிப்புக்கு வருகிறவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸப்பில் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பெர்லின்தான். மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கே போய்த் தங்கியும், சொந்தக்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

முடியும். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். "பெர்லின்தானே, மெட்ரோ இருக்கிறதே" என்று வந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் ஒரே ஆண்டில் வந்தன. ஒரு குடும்பம் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் குடியேறியது. இன்னொன்று தோட்டத்தோடு வீடு வேண்டுமென்று நகர எல்லையைத் தாண்டிப் போனது. அங்கே மணிக்கு ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறைவு. இரண்டாவது குடும்பத்தில் இப்போது இரண்டு கார்கள். முதல் குடும்பம் மாடிப்படியைத் திட்டிக்கொண்டே இன்றுவரை கார் இல்லாமல் இருக்கிறது.

ஆகவே கார் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் கார் ஷோரூமில் முடிவு செய்வதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே அது முடிவாகிவிடுகிறது.

அப்படியென்றால் வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிறுத்தம். வாசலிலிருந்து எட்டு நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். விளம்பரத்தில் "நிலையத்துக்குப் பத்து நிமிடம்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அது எந்த ஓட்டப்பந்தய வீரர் நடந்த பத்து நிமிடமோ! நீங்களே நடந்து பாருங்கள், முடிந்தால் கையில் ஒரு பையோடு.

அடுத்தது இடைவெளி. தூரத்தைவிட முக்கியமானது இதுதான். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். இருபது நிமிடம் என்றால் கைபேசியைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஒரு மணிநேரம் என்றால் உங்கள் நாளையே அந்த பஸ் நடத்தும். பெர்லினில் எண்ணுக்கு முன்னால் 'எம்' என்று போட்ட டிராம், பஸ் தடங்கள் பகலில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒன்று, இரவிலும் ஓடும். வீட்டு விளம்பரத்தில் 'எம்' தடம் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. வேலை நாள் மதியம் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு காலை நேர அட்டவணையைத் திறந்து பாருங்கள். வண்டவாளம் அங்கேதான் தெரியும்.

இதில் கொஞ்சம் வரலாறும் கலந்திருக்கிறது. மேற்கு பெர்லின் தன் கடைசி டிராமை 1967இல் நிறுத்தியது. கார்தான் எதிர்காலம் என்று நம்பிய காலம் அது. கிழக்குப் பக்கம் டிராமை விட்டுவிடவில்லை. சுவர் இடிந்து மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் டிராம் வரைபடத்தை விரித்தால் கோடுகள் பெரும்பாலும் கிழக்கில்தான் கிடக்கின்றன. மேற்கில் வீடு என்றால் சுரங்க ரயிலையும் பஸ்ஸையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இன்றைய பெர்லினில் வீடு கிடைப்பதே பெரிய பாடு. நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, வீடுதான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டு சாவி கையில் கிடைத்து, எது என்று யோசிக்கிற பாக்கியம் வாய்த்தால் மட்டும் மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை அதிகமாகுமே. கார் வைத்துக்கொண்டு தள்ளிப் போவது மலிவில்லையா?

கணக்குப் போடுங்கள். ஜெர்மனியில் 2023 மே மாதம் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் முதலில் மாதம் 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. இந்த ஒரே டிக்கெட்டில் நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், சுரங்க ரயில், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐ.சி.ஈ. போன்ற நெடுந்தூர வேக ரயிலில் மட்டும் செல்லாது. சைக்கிளை ரயிலில் ஏற்றினால் அதற்குத் தனி டிக்கெட். இது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும், மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும்.

எங்கள் வீட்டில் இரண்டு பெரியவர்களுக்கு மாதம் 126 யூரோ. பெர்லினில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019 முதல் நகரப் பயணம் இலவசம், ஆறு வயதுக்குக் கீழ் எப்படியும் டிக்கெட் கிடையாது. போன வருடம் டாக்சிக்கும் மணிக்கணக்கு வாடகை காருக்கும் சேர்த்து 700 யூரோவுக்குள் முடிந்தது.

கார் என்றால் காப்பீடு, வரி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை, குளிர்கால டயர், அதை மாற்றக் கூலி, பெட்ரோல், பழுது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்குக் காப்பீடு சுருக்கென்று குத்தும். இந்தியாவில் பதினைந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருந்தாலும் இங்கே பெரும்பாலும் முதல் படியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அந்தப் படியில் கட்டணம் அதிகம். எல்லாம் சேர்த்து மாதம் 350 யூரோவுக்குக் குறைவாகச் சொன்ன நண்பர் எனக்கு யாருமில்லை. அந்த வித்தியாசத்தை வாடகையில் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வேடிக்கை: பெர்லினில் குடியிருப்போருக்கான தெருவோரப் பார்க்கிங் அனுமதி பல வருடங்களாக இரண்டு ஆண்டுக்கு 20.40 யூரோதான். ஒரு காப்பி விலைக்கு மாதக்கணக்கில் காரை நிறுத்தலாம். அனுமதி மலிவு, இடம்தான் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்.

பஸ்ஸும் ரயிலும் இலவசமாக இருந்தால் எல்லோரும் காரை விட்டுவிடுவார்களா?

லக்சம்பர்க் செய்து பார்த்தது. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க, ரயிலில் முதல் வகுப்பைத் தவிர, எல்லாம் இலவசம். ஆனாலும் ஆள்வீதம் கார் அதிகம் வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில் லக்சம்பர்க் முன்வரிசையில்தான் இருக்கிறது. வியன்னா வேறு வழியில் போனது. 2012இல் ஆண்டுச் சீட்டின் விலையை 365 யூரோவாக, நாளுக்கு ஒரு யூரோவாகக் குறைத்தது. அதோடு நிற்காமல் பார்க்கிங்குக்குக் காசு வாங்கியது, ரயில் தடங்களை நீட்டிக்கொண்டே போனது. அங்கே பதிவான கார்களைவிட ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதிகமானார்கள். 2026இல் அந்த விலை 460ஐத் தாண்டிவிட்டது, நண்பர்கள் புலம்புகிறார்கள். என்றாலும் அதற்காக யாரும் கார் வாங்கப் போனதாகக் கேள்விப்படவில்லை. டிக்கெட் விலையைவிட வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் பெரிது என்பது என் கட்சி.

நிலையத்தில் கதவே இல்லையே, டிக்கெட்டை யார் பார்க்கிறார்கள்?

டிக்கெட் பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் ஏறுவார்கள். கதவு மூடியதும் அட்டையைக் காட்டுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. காகிதச் சீட்டை மேடையில் இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், குத்தாத சீட்டு இல்லாத சீட்டுக்குச் சமம். நான் வந்த இரண்டாம் வாரமே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டேன். "புதுசா வந்திருக்கேன்" என்று சொன்னதற்குப் பதிலாக ஒரு ரசீது கிடைத்தது.

அரிசி மூட்டை? மளிகை? கார் இல்லாமல் எப்படித் தூக்குவது?

இதை ஆண்கள் அதிகம் கேட்பதில்லை. பெண்கள் முதலில் கேட்பதே இதுதான்.

இரண்டு சக்கரம் வைத்த இழுவைப் பை ஒன்று வாங்குங்கள். இங்கே பாட்டிகள் இழுத்துக்கொண்டு போவார்களே, அதுதான். பெர்லின்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் கேலிப் பெயர் 'ஹாக்கன்போர்ஷ': குதிகாலுக்குப் பின்னால் ஓடிவரும் போர்ஷ கார். நான் முதலில் வெட்கப்பட்டேன். முப்பது வயதில் இதையெல்லாம் இழுப்பதா என்று இரண்டு தோளிலும் பையை மாட்டிக்கொண்டு திரிந்தேன். பத்துக் கிலோ பொன்னி அரிசியை நான்கு மாடி சுமந்த ஒரு சனிக்கிழமைக்கு அப்புறம் வெட்கம் போய்விட்டது. இப்போது என் போர்ஷ மூன்றாவது. முதல் இரண்டும் சக்கரம் தேய்ந்து போயின. அடியில் அரிசி, அதன்மேல் பருப்பு, மேலே கீரையும் கறிவேப்பிலையும். முட்டை மட்டும் கையில். படி ஏறும்போது மூன்று சக்கரமாகச் சுழலும் வகை வாங்கினால் இடுப்பு பிழைக்கும்.

இன்னொரு விஷயம், நம் ஊர் மாதிரி மாதச் சாமான் வாங்கும் பழக்கம் தானாகக் குறைந்துவிடும். ரயிலிறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியிலேயே கடை இருந்தால் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலை மறந்துவிட்டால் ஞாயிறன்று அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அலமாரி, மெத்தை போன்றவற்றுக்குக் கடைக்காரர்களே கொண்டுவந்து இறக்குவார்கள். நடுத்தரச் சாமானுக்குச் சரக்கு சைக்கிள். முன்னால் பெரிய பெட்டி வைத்தது. பெர்லினில் ஃப்ளோட்டெ என்ற திட்டத்தில் இவற்றை இலவசமாகவே கடன் தருகிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு பழைய வாஷிங் மெஷினை அதில் ஏற்றிவந்த தம்பி ஒருவர் இருக்கிறார். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, வேனை இரண்டு மணிநேர வாடகைக்கு எடுத்தோம்.

பாரிஸில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. லா ஷபெல் மெட்ரோவில் இறங்கினால் நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அதே ரயிலில் திரும்பலாம். போதாததற்கு அங்கே மாதச் சீட்டில் பாதியை வேலை தருபவரே கொடுக்க வேண்டும் என்று சட்டம்.

கைக்குழந்தை இருக்கிறது. தள்ளுவண்டியோடு பஸ்ஸில் ஏற முடியுமா?

பெரிய குழந்தையைவிடக் கைக்குழந்தையோடு பயணம் எளிது. பஸ்ஸின் நடுக்கதவு தள்ளுவண்டிக்கு. ஓட்டுநர் பஸ்ஸை நடைமேடைப் பக்கமாகச் சாய்த்துத் தருவார். உள்ளே ஓரிரு வண்டிக்குத்தான் இடம். சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் அவர்களுக்கே முன்னுரிமை. நீங்கள் இறங்கி அடுத்த பஸ்ஸில் வர நேரலாம். மழையில் இப்படி நின்ற நாட்கள் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

உண்மையான தொல்லை வீட்டுக்குள்தான். லிப்ட் இல்லாத கட்டடத்தில் தள்ளுவண்டியைக் கீழே விட முடியுமா என்று வாடகைக்கு வரும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. குழந்தையை மாரில் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு கையில் தூக்கி ஒன்றரை வருடம் ஏறினேன்.

கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், காரில் ஏறும் பிள்ளைக்கு 12 வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, ஜெர்மனியில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்குப் போன் செய்யும்போதே அதைச் சொல்லுங்கள். "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பது இங்கே எடுபடாது.

நடுராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால்?

உயிருக்கு ஆபத்தென்றால் 112. அந்த நேரத்தில் கார் இருந்தாலும் நீங்கள் ஓட்டக் கூடாது. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் காலை வரை தாங்காது என்றால் 116117. மருத்துவரோடு பேசலாம், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். என் பையனுக்கு மூன்று வயதில் விடிகாலை இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறியபோது டாக்சி ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஒன்பது நிமிடம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜன்னலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நிமிடத்தில் மட்டும் கார் வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி உள்ளே ஓடியபோது, எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் பார்க்கிங் தேடிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்ப முடியுமா?

ஊருக்கு ஊர் மாறும். பெர்லினில் வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும், மற்ற நாள் இரவு பஸ். கோபன்ஹேகன் மெட்ரோவுக்கு ஓட்டுநரே கிடையாது, வாரம் முழுக்க 24 மணிநேரமும் ஓடுகிறது. பாரிஸில் வார நாளில் ஒரு மணிக்கு மேல் கொஞ்ச நேரத்தில் மெட்ரோ நின்றுவிடும். லண்டனில் 2016 முதல் சில தடங்கள் மட்டும் வெள்ளி, சனி இரவில் உண்டு.

அப்பா அம்மா மூன்று மாதம் வந்து தங்குவார்கள். அவர்களால் முடியுமா?

என் அம்மா புதுக்கோட்டை. முதல் தடவை வந்தபோது நகரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நான் இங்கேயே நிற்கிறேன், நீ போய்ட்டு வா" என்றார். லிப்டைத் தேடினோம், அன்றைக்குப் பார்த்து அது வேலை செய்யவில்லை. அதிலிருந்து கிளம்புமுன் லிப்ட் ஓடுகிறதா என்று செயலியில் பார்த்துவிடுவது வழக்கம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு பஸ்ஸும் டிராமும்தான் தோது. படியே கிடையாது, வேடிக்கையும் பார்க்கலாம். பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது, படிகளும் அந்தக் காலத்தவை. முழுத் தடமும் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருப்பது 14ஆம் தடம் மட்டும்தான். பெரியவர்களோடு போனால் அங்கேயும் பஸ்ஸையே பாருங்கள்.

அம்மாவுக்குப் பிடித்துப்போனது வட்ட ரயில். நகரத்தைச் சுற்றி 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணிநேரம். எஸ்41 கடிகார முள் போகும் திசையில் போகும், எஸ்42 எதிர்த்திசையில். இதை அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "இது வலமா வருது, அது இடமா போகுது. நான் 41லதான் ஏறுவேன்." பிரதட்சிணம் என்றே பெயர் வைத்துவிட்டார். ஜனவரிக் குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்குப் பதிலாக, வெயில் அடிக்கிற பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே இறங்குவார். இரண்டு நிலையம் போக வேண்டியதற்கு இருபத்தைந்து நிலையம் சுற்றி வந்ததும் உண்டு. மாதச் சீட்டுத்தானே, போனால் போகட்டும்.

90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அதில் அம்மாவும் ஒருவர். பெர்லினில் மூடிவிட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதை 2010 முதல் பொதுப் பூங்கா. ஒரு ஏப்ரல் மாதம், புடவைக்கு மேல் குளிர் கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு அந்த ஓடுபாதையில் என் சைக்கிளை வாங்கி ஓட்டினார். விமானம் ஓடின தார்ச்சாலையில் நேர்க்கோடாகப் போனவர், நான் கத்திக் கூப்பிடும் வரை திரும்பவில்லை.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

எதற்கு வெட்கம்? பெர்லினில் பைக்கிஜீஸ் என்ற அமைப்பு 2015 முதல் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறது, பெரும்பாலும் அகதிகளாகவும் புலம்பெயர்ந்தும் வந்த பெண்களுக்கு. நெதர்லாந்தில் வீடு எடுத்தால் சைக்கிள் தெரியாமல் இருப்பது கொஞ்சம் சிரமம். உட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். உங்கள் சைக்கிளை எந்த வரிசையில் விட்டீர்கள் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு முற்றத்திலேயே ஒன்றைப் பறிகொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐரோப்பியர்கள் இயல்பிலேயே சைக்கிள்காரர்கள். நமக்கு அது ஒத்துவருமா?

இயல்பெல்லாம் இல்லை. 1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் பாதைகள் மாறின. 1977இல் க்ரோனிங்கன் தன் நகர மையத்தை நான்கு துண்டாகப் பிரித்தது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததுக்குக் காரில் போக வேண்டுமென்றால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளில் நேராகப் போகலாம். காரைத் தடை செய்யவில்லை, சுற்றவிட்டார்கள், அவ்வளவுதான். கடைக்காரர்கள் அன்றைக்குச் சண்டை போட்டார்கள். பெல்ஜியத்தில் கென்ட் நகரம் 2017இல் இதே வித்தையைச் செய்தபோதும் சண்டை.

குளிரில், பனியில்?

முதல் குளிர்காலம் மட்டும்தான் பயம். பனியைவிட உறைந்த நடைபாதைதான் ஆபத்து. பிடிமானம் உள்ள ஷூவுக்குக் காசு செலவழியுங்கள். பின்லாந்தின் ஔலு நகரத்தில் பனியை உழுது சைக்கிள் பாதையைத் திறந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அதில் பள்ளிக்குப் போகிறார்கள். நான் ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சைக்கிளை எடுப்பதில்லை, டிராமில் சூடு இருக்கிறது.

கார் வாங்கப் போவதில்லை என்றால் லைசென்ஸும் வேண்டாமா?

வேண்டும். எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கு வாடகை காருக்கு அது இல்லாமல் முடியாது. இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறி மாற்ற வேண்டும். ஏற்கெனவே இந்திய லைசென்ஸ் உள்ளவருக்குக் கட்டாயப் பாடமணிகள் கிடையாது, ஆனால் இங்கத்திய விதி தெரியாமல் யாரும் தேற முடியாது. எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. ஓட்டும் தேர்வில் முதல் தடவை நான் தோற்றது வலப்பக்க முன்னுரிமையில். பலகை ஒன்றும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். சின்னச் சந்து, குப்பை வண்டி என்று நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று.

எப்போது கார் வாங்கியே தீர வேண்டும்?

விடிகாலை ஷிப்ட் வேலை, தொழிற்பேட்டையில் அலுவலகம், முதல் பஸ் ஐந்தரைக்கு, உங்கள் வேலை ஐந்துக்கு: வாங்குங்கள். கிடங்கு, தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களிடம் "காரை விடுங்கள்" என்று நகர மத்தியில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது அநியாயம். வீட்டுக்கு வீடு போய் முதியோரைப் பார்க்கும் செவிலியர்களுக்கும் இதேதான்.

சில ஊர்களும் அப்படி. டப்ளினில் இரண்டு டிராம் தடம், கடலோர ரயில், பஸ்கள் உண்டு, மெட்ரோ கிடையாது. இங்கிலாந்தின் லீட்ஸ் அவ்வளவு பெரிய நகரம், டிராமும் இல்லை மெட்ரோவும் இல்லை. ரோமில் மெட்ரோ தடங்கள் மூன்றே. எங்கே தோண்டினாலும் பழைய ரோமாபுரி தட்டுப்படுவதால் வேலை நத்தை வேகம்.

தலைகீழான உதாரணம் சுவிட்சர்லாந்து. அங்கே கிராமத்தில்கூடக் கார் இல்லாமல் இருக்கலாம். 1982இல் நாடு முழுக்க மணிக்கு ஒரு ரயில் தவறாத ஒரே சீரான அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். பிறகு முக்கிய நிலையங்களில் ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து கூடி, பயணிகளை மாற்றிக்கொண்டு பிரியும்படி தடங்களையே கட்டினார்கள். ரயில் விட்டு இறங்கினால் வாசலில் மஞ்சள் அஞ்சல் பஸ் காத்திருக்கும். பெர்ன் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்தி மகள் பஸ் நேரத்தை மனப்பாடமாகச் சொல்வாள்: எப்போதும் மணி கழிந்து ஏழு நிமிடம். நாடு முழுக்க எல்லாவற்றிலும் ஏறும் ஆண்டுச் சீட்டு 4,000 பிராங்கை நெருங்குகிறது. பெரும்பாலானவர்கள் பாதிக் கட்டண அட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ரயில் நேரத்துக்கு வருமா?

ஜெர்மனியில் நெடுந்தூர ரயிலென்றால், வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகவே எண்ணப்படாது. விமானம் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு ரயில் முன்னதாகப் போங்கள். நகரத்துக்குள் கதை வேறு, ஒன்று தவறினால் அடுத்தது. வேலைநிறுத்தம் வழக்கமாக முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

கோயில், விசேஷம் என்று போக வேண்டியிருக்குமே?

பெர்லின் மயூரபதி முருகன் கோயிலுக்கு யூ7 சுரங்க ரயிலில் பிளாஷ்கோஅலேயில் இறங்கி நடந்துவிடலாம். மேற்கு ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கிறது. தேருக்குப் போகும் கூட்டத்தில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் இடம் பிடிப்பது ஒரு தனித் திறமை.

சங்கடமெல்லாம் தீபாவளி விழாவில்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று ஊர்க்கோடியில் மண்டபம் பிடிப்பார்கள், பத்து மணிக்கு மேல் அங்கே பஸ் இருக்காது. யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்கள். ஏறி உட்கார்ந்ததும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "இன்னுமா கார் வாங்கலை?" என்பார்கள். பதினொரு வருடமாகக் கேட்கிறேன். முன்பெல்லாம் செலவுக் கணக்கு, புகை, பூமி என்று விளக்கம் கொடுப்பேன். இப்போது, "நீங்கதான் இருக்கீங்களேண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்கென்று கொண்டுவந்த அதிரசப் பொட்டலத்தை முன் சீட்டுக்கு நீட்டிவிடுகிறேன்.